நாளைக்கு வர வேண்டிய குரல்

"இன்னும் முறுக்குங்கண்ணே," என்று மோட்டர் சைக்கிளின் பின்னிருக்கையிலிருந்து அர்ச்சுனனின் முதுகில் தட்டினாள் டோரின்.

"இதுக்கு மேல முறுக்குனா மோட்டர் இங்கேயே நின்னுரும், நாம ரெண்டு பேரு மட்டும்தான் போய்ச் சேருவோம்," என்றான் அர்ச்சுனன். ஆனாலும் முறுக்கினான்.

செம்பனை வரிசைகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. நேற்றைய மழையில் குலை ஏற்றிப் போன லாரிகள் செம்மண் சாலையை உழுதுவிட்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் டோரின் இருக்கையைவிட்டு எழும்பி விழுந்தாள். ஒரு கையால் அர்ச்சுனனின் சட்டையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கைப்பேசி. தலையில் ஹெல்மெட் இல்லை. தேநீருக்குக் காசு கொடுத்தோமா என்பதுகூட நினைவில்லை.

அக்கா உயிரோடு இருக்கிறாளா?

அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அக்கா என்றால் பெவர்லி. எஸ்டேட் மண்டபத்தில், அரசுப் பரீட்சை எழுதப் போகும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவள். வகுப்பு சாயங்காலம்தான். ஆனால் தினமும் காலையில், பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல் வந்துவிடும். ஒரு நாளைக்கு ஓர் ஆங்கிலத் தொடர். வெள்ளைக்காரன் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்வதையெல்லாம் எடுத்து, எஸ்டேட் பேச்சில் உடைத்துப் போடுவாள்.

"'பீஸ் ஆஃப் கேக்'குன்னா யாரும் ஒங்களுக்கு கேக் வெட்டித் தரப் போறதில்ல. ரொம்ப லேசான வேலைன்னு அர்த்தம். உதிரிப் பழம் பொறுக்குறது ஒங்க அம்மாவுக்கு பீஸ் ஆஃப் கேக். ஒங்கள ஒரு நாள் பொறுக்கச் சொன்னா தெரியும் சேதி."

பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் அதற்கு ஏங்கிக் கிடந்தார்கள். தோசைக்கடை செல்லம்மா இப்போதெல்லாம் லேசில் சிரிக்காத மருமகனைப் பற்றி, "அவரு சிரிக்கிறது ஒன்ஸ் இன் எ புளூ மூன்தான்," என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள். குலை வெட்டுபவர்கள் மரத்தடியில் நின்று, "இன்னிக்கு என்னா வந்துச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

எஸ்டேட்டின் எண்ணெய் மில்லை மூடியபோது நடந்த விருந்தில் பெவர்லி எல்லாருக்கும் பரிமாறினாள். அதற்குச் சில நாள் கழித்துத்தான் அந்தச் சேதி வந்தது. கடல் தாண்டி சரவாக்கில், ஆற்றோரத்தில் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த வேலை, பெவர்லி கிளம்பிவிட்டாள். சொன்னது அவள் கணவன் புனிதன். தங்கையிடம்கூடச் சொல்லிக்கொள்ள நேரமில்லையாம். அங்கே லைன் கிடையாதாம். காலையில் மட்டும் பள்ளிக்கூடத்து வைஃபை வருமாம். போனில் பேச முடியாது, குரல் பதிவு மட்டும் போகுமாம்.

டோரின் நம்பினாள். குரல்தான் தினமும் வருகிறதே.

இன்று காலை வரைக்கும் நம்பினாள்.

செல்லம்மாவின் கடையில் உட்கார்ந்து, ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு இன்றைய பாடத்தைக் கேட்டாள். பக்கத்து மேசையில் அர்ச்சுனன் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மில்லில் பாய்லர் பார்த்தவன். மில் மூடியதிலிருந்து சும்மா இருக்கிறான்.

"குட் மார்னிங் பிள்ளைங்களா. இன்னிக்கு 'இன் ஹாட் வாட்டர்'. வெந்நீர்ல குளிக்கிறதில்ல. வம்புல மாட்டிக்கிறது. வேலை வாங்குற மண்டோர் வர்ற நேரம் பாத்து மரத்தடியில படுத்துத் தூங்குறான் பாருங்க, கண்ண முழிச்சுப் பாத்தான்னா அவன் இன் ஹாட் வாட்டர். யாருன்னு பேரு சொல்ல மாட்டேன், அவன் பையனும் இந்தக் குழுவுல இருக்கான்..."

கடையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அர்ச்சுனன் தோசையை வைத்தான். கையைத் துடைத்தான். எழுந்தான். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மோட்டரில் போய் உட்கார்ந்தான்.

"எங்கண்ணே, பாதி தோசையில?" என்றாள் டோரின்.

"மில்லுக்குத்தான். சங்கு ஊதிருச்சில்ல."

சொன்ன வாய் மூடவில்லை. உதைக்கப் போன கால் அப்படியே நின்றது. அவன் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ இறங்கிப் போவதை டோரின் பார்த்தாள்.

மில் இல்லை. இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. வேலை நேரத்துக்கு ஊதும் அந்தச் சங்கைக் கம்பத்திலிருந்து கழற்றி இறக்கியதே அர்ச்சுனன்தான். தன் கையால், தன் ஸ்பேனரால்.

"திருப்பிப் போடு," என்றான்.

போட்டாள். காதை ஒட்டி வைத்துக் கேட்டார்கள். பெவர்லி 'மண்டோர்' என்று சொல்லும் இடத்தில், பின்னால், தூரத்தில், சங்கு. எழும்பி, நடுவில் ஒரு விக்கல் விக்கி, பிறகு ஏறியது.

"சரவாக்குலயும் மில்லு இருக்கும்லா அண்ணே," என்றாள் டோரின்.

"இருக்கும். ஆனா அந்த விக்கல் அங்க இருக்காது. அது எங்க வால்வு. மாத்திக் குடுங்க, மாத்திக் குடுங்கன்னு நானே வாயி வலிக்கக் கேட்டது. ஒலகத்துல வேற எந்தச் சங்கும் அப்படி விக்காது."

நேற்றைய பாடத்தைப் போட்டார்கள். விக்கல். முந்தாநாள் பாடம். விக்கல். அக்கா கிளம்பிப் போனதாகச் சொன்ன நாளுக்குப் பிறகு வந்த எதைப் போட்டாலும் பின்னால் அந்த மில் ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்டேட் முழுக்கத் தினமும் இதைக் கேட்டது. ஒருவருக்கும் பொறி தட்டவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சங்கோடு எழுந்து, அந்தச் சங்கோடு காலைப் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்த காதுகள். மில் மூடியபின் காலை நேரம் என்னவோ மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். டீச்சரின் பாடத்தைக் கேட்டால் மட்டும் மனசு சரியாகிவிடுகிறது என்றும் சொன்னார்கள். ஏன் சரியாகிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

டோரினுக்கு இப்போது விளங்கியது. அத்தனையும் மில் ஓடிய காலத்திலேயே பேசி வைத்தவை. அப்படியென்றால் அக்கா கிளம்பியதாகச் சொன்னதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட யாரும் கேட்டதில்லை.

அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. துண்டிக்கப்பட்டது. எழுத்தில் ஒரு பதில் வந்தது: 'வகுப்புல இருக்கேன். அப்புறம்.'

'ஒரே ஒரு வார்த்தை பேசு,' என்று டோரின் தட்டினாள். 'ஹலோன்னு சொல்லு போதும்.'

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஓட்டம்.

"அண்ணே, முந்தாநாள் என்னா வந்துச்சு தெரியுமா?" மோட்டரின் சத்தத்தை மீறிக் கத்தினாள் டோரின். "'கெட் கோல்ட் ஃபீட்'. பயந்து பின்வாங்குறது. நேத்து 'ஹேங் பை எ திரெட்'. நூல்ல தொங்குறது, எந்த நேரமும் அறுந்துரும். இன்னிக்கு 'இன் ஹாட் வாட்டர்'. வம்புல மாட்டிக்கிறது. அவ நமக்குச் சொல்லிட்டே இருந்திருக்கா. நமக்குத்தான் புத்தி இல்ல."

"தங்கச்சி, அது ஏ பி சி வரிசை."

"என்னா?"

"ஜீ, ஹெச், ஐ. வரிசையாத்தான் வருது. எம் மக மாதவி சொல்லிச்சு. போன வாரம் 'கட் கார்னர்ஸ்' வந்தப்ப என்னையப் பாத்துச் சிரிக்குது கழுத. வேலைய அரைகுறையா முடிக்கிறவனுக்கு அதாம் பேராம்."

டோரின் ஒரு பள்ளத்தில் எழும்பி விழுந்தாள். பிறகு, "வரிசையா இருந்தா என்னா, ஆபத்து ஆபத்துதானே," என்றாள்.

ஆபத்து என்று சொன்னதும் புனிதனின் முகம் நினைவுக்கு வந்தது. ரந்தாவ் டவுனில் மோட்டர் பட்டறை வைத்திருப்பவன். பட்டறை பல நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் கறிவேப்பிலை கொடுக்கப் போனபோது கதவை ஒருச்சாய்த்து, உடம்பால் அடைத்துக்கொண்டு நின்று வாங்கினான். உள்ளே வா என்று சொல்லவில்லை. அக்காவின் மோட்டரையும் விற்றுவிட்டான். "அவ வர நாளாகும்லா, துருப்புடிச்சிரும்," என்றான். டோரின் அதையும் நம்பினாள்.

அப்பாவிடம் சொல்லலாமா? அப்பா ராயப்பன் எஸ்டேட் சிற்றாலயத்தில் செபம் சொல்பவர். பெவர்லி இந்துக் கோயிலில் வைத்துப் புனிதனுக்குக் கழுத்தை நீட்டிய நாளிலிருந்து மூத்த மகள் பெயரை வீட்டில் எடுத்ததில்லை. அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. இப்போது பஸ் ஏறியிருப்பார். தெமியாங்கில் பழைய கூட்டாளி முருகையா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று தினமும் அங்கேதான் போகிறார். அவரிடம் என்னவென்று சொல்வது?

முதலில் பார்க்க வேண்டும்.

கோலா சாவா போகும் சாலையில், எஸ்டேட் எல்லையைத் தாண்டியதும் அந்த வீடு தனியாக நின்றது. ஜன்னல்கள் மூடியிருந்தன. அர்ச்சுனன் நிறுத்துமுன்பே டோரின் குதித்துவிட்டாள். கதவைக் கையால் அல்ல, முழங்கையால் இடித்தாள்.

புனிதன் திறந்தான். தாடி. கசங்கிய பனியன். தூங்கிப் பல நாளான கண்கள்.

"என்னா டோரின், காலங்காத்தாலயே."

"அக்கா எங்க?"

"சரவாக்குலதான். சொன்னேன்ல."

"சரவாக்குல எங்க மில்லு சங்கு எப்படி மாமா ஊதும்?"

புனிதனின் கை கதவைப் பற்றியது. அர்ச்சுனனைப் பார்த்தான். மறுபடி டோரினைப் பார்த்தான். கதவைச் சாத்தப் போனான். அதற்குள் அர்ச்சுனனின் ஹெல்மெட் இடுக்கில் நுழைந்துவிட்டது.

"பாய்லர் கதவையே காலால நிறுத்துனவன் நானு," என்றான் அர்ச்சுனன். "வழி விடு தம்பி."

உள்ளே டெட்டால் வாடை மூக்கில் அடித்தது. தரை பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. அக்கா இருக்கும்போது ஒரு நாளும் சாத்தாத நடு அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரை திருத்தும் நாற்காலியைக் காணவில்லை. டோரினின் கண் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து சாப்பாட்டு மேசையில் நின்றது.

அங்கே அக்காவின் கைப்பேசி இருந்தது. திரை இன்னும் அணையவில்லை.

'ஒரே ஒரு வார்த்தை பேசு' என்று அவள் தட்டிய வரி அதில் தெரிந்தது.

"போனு இங்க இருக்கு," என்றாள் டோரின் மெதுவாக. "ஆளு சரவாக்குல இருக்கா."

புனிதன் பாய்ந்தான். அர்ச்சுனன் முந்திக்கொண்டான். மேசை நகர்ந்தது, குவளை உருண்டது. அர்ச்சுனனின் தடித்த விரல் திரையில் எங்கேயோ பட்டது.

"குட் மார்னிங் பிள்ளைங்களா," என்றது பெவர்லியின் குரல்.

மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

"இன்னிக்கு 'ஜம்ப் த கன்'. துப்பாக்கி மேல ஏறிக் குதிக்கிறதில்ல. ஓட்டப் பந்தயத்துல வெடி போடுறதுக்கு முந்தியே ஓடுறான் பாருங்க, அவன். பொறுமையா இருந்து விசாரிக்காம அவசரப்படுறது. எங்க வீட்டுல அப்படி ஒருத்தி இருக்கா..."

பின்னால் சங்கு எழும்பி விக்கியது.

இந்தப் பாடம் குழுவுக்கு வரவில்லை. இது நாளைக்கு வர வேண்டியது. நாளைய காலை இந்தக் கைப்பேசிக்குள் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டுக் கிடக்கிறது.

அர்ச்சுனன் திரையை மேலே தள்ளினான். பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. இன்னும், இன்னும். கடைசி விரல் தள்ளலில் 'பரீட்சை நாள்' என்று ஒன்று நின்றது.

"அத்தனையும் பேச வச்சு எடுத்திருக்கான்," என்றான் அர்ச்சுனன். அவன் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "பரீட்சை முடியிற வரைக்கும் அந்தப் புள்ளையத் தேட ஆள் வராது."

"குடுங்கண்ணே. தயவு பண்ணிக் குடுங்க," என்று புனிதன் கையை நீட்டினான். "எதையும் அமுக்காதீங்க. என்னைய என்னா வேணும்னாலும் செய்யுங்க. போன மட்டும் குடுங்க."

"குடுக்கிறேன், போலிஸ்கிட்ட."

"அண்ணே, கையெடுத்துக் கும்புடுறேன்."

கும்பிட்ட கை அப்படியே நீண்டு கைப்பேசியைப் பற்றியது. இவன் இழுக்க, அவன் இழுக்க, அர்ச்சுனனின் கட்டைவிரல் திரையில் அழுந்தி நின்றது. 'அழிக்கவா?' என்று ஒரு கேள்வி வந்ததை டோரின் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் அடுத்த இழுப்பில் அதற்கும் பதில் அழுந்திவிட்டது.

ஒரு வரி மறைந்தது.

புனிதனின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை டோரின் அதற்குமுன் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை.

"எது போச்சு? எதுண்ணே போச்சு?"

"என்னாவோ... 'கே'ன்னு இருந்துச்சு, 'கீப் யுவர்' என்னாவோ..." என்றான் அர்ச்சுனன். அவன் கை தானாகத் தளர்ந்தது.

புனிதன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். திரையைத் தள்ளித் தள்ளித் தேடினான். பிறகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். பட்டறையில் விரல் நசுங்கியபோதுகூடச் சிரித்தவன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் ஒரு பாடம் அழிந்ததற்குக் குழந்தையைப் போல அழுதான்.

டோரினுக்குப் பரிதாபம் வரவில்லை.

"ஒரு பதிவு போனதுக்கு இந்த அழுவ. ஆளு போனதுக்கு அழுதியா? எங்க போட்ட எங்கக்காவ?"

"டோரின், வேணாம்."

"எங்க போட்டன்னு கேக்குறேன்."

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். என்னையக் கேக்காத."

"யாருக்குக் குடுத்த சத்தியம்?"

புனிதன் நடு அறைக் கதவைப் பார்த்தான். பார்த்த கணமே தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பார்வை போதுமாக இருந்தது. அர்ச்சுனன் மெல்ல நகர்ந்து புனிதனுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டான். "தங்கச்சி, நீ அந்தக் கதவத் தொடாத," என்றான். "உள்ள என்னா இருக்கோ. போலிஸ் வந்து தொறக்கட்டும். மொத ஒங்கப்பாவக் கூப்பிடு. என்னா இருந்தாலும் பெத்தவரு."

டோரினின் விரல்கள் எண்ணைத் தேடின. அப்பாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். அப்பா, அக்காவப் பத்தி. அப்பா, ஒக்காந்துக்கோங்க. எதுவும் சரியாக வரவில்லை. அழுத்தினாள்.

மாதாகோயில் மணி அடித்தது.

அப்பாவின் கைப்பேசியில் அடிக்கும் மணி அது. அவள்தான் வைத்துக் கொடுத்தாள். அவள் காதில் கூப்பிடும் மணி அடித்துக்கொண்டிருக்க, மாதாகோயில் மணி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

சாத்தியிருந்த நடு அறைக்குள்ளிருந்து வந்தது.

அர்ச்சுனன் சிலுவைக் குறியெல்லாம் போடுபவன் அல்ல. அப்போது போட்டான்.

மணி நின்றது. உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. தோளில் துண்டு, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு ராயப்பன் நின்றார்.

"சத்தம் போடாத," என்றார் மகளிடம். "ரோட்டு வரைக்கும் கேக்குது."

"அப்பா," என்றாள் டோரின். "நீங்க தெமியாங்குல..."

"முருகையா நல்லாத்தான் இருக்கான். கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். நான் பஸ் ஏறுனா அடுத்த ஸ்டாப்புல எறங்கி இங்க வந்துருவேன்." கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "சீனி வியாதிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி போனேன்ல, அன்னிக்கு இவங்க ரெண்டு பேரும் அங்க பெஞ்சுல ஒக்காந்திருந்தாங்க. என்னையப் பாத்ததும் அவ எந்திரிச்சு நின்னா. அப்புறம் நான் எப்படிம்மா வராம இருக்கிறது?"

டோரின் அவரைத் தாண்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டு மேசையருகே காணாமல் போன அந்த நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. அதில் பெவர்லி உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அந்த வெக்கையிலும் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை.

உயிரோடு இருந்தாள்.

டோரினுக்கு எப்படி அறைக்குள் போனோம் என்று தெரியவில்லை. அக்காவின் மடியில் விழுந்தாள், முகத்தைத் தடவினாள், தோளில் குத்தினாள், மறுபடி கட்டிக்கொண்டாள். பெவர்லியின் கை அவள் தலையை நிதானமாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

"செத்துட்டேன்னு நெனச்சேன்க்கா. இந்த மனுசன் வெட்டிப் பொதச்சிட்டாருன்னு நெனச்சேன். அர்ச்சுனண்ணே பாய்லர்ல போட்டிருப்பாருன்னு வேற சொல்லிட்டு வராரு."

"நான் எங்க சொன்னேன்?" என்றான் அர்ச்சுனன் வாசலில் நின்றபடி. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். "டீச்சர், மன்னிச்சிருங்க. சங்குச் சத்தம் கேட்டா கால் நிக்க மாட்டேங்குது."

பெவர்லியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள். டோரினும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்க்கா எங்கிட்ட மறைச்ச? அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியக் கூடாதா? என்னா ஒடம்புக்கு? எளைச்சுப் போயிட்ட. சரியாத் திங்கிறதில்ல, அதான். நான் கோழி அடிச்சு சூப்பு வச்சுத் தரேன், பாரு."

அறைக்குள் வந்து மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்ட புனிதன் பதில் சொன்னான். "பரீட்சை முடியிற வரைக்கும் பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா. தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு இங்க வந்து வாசல்ல ஒக்காந்துருவாங்கன்னா. ஒன்கிட்ட சொன்னா..." நிறுத்தினான்.

"சாயங்காலத்துக்குள்ள எஸ்டேட்டுக்கே தெரிஞ்சிரும், அதானே? சொல்லுங்க மாமா. பரவால்ல. எனக்கே தெரியும் எவ்ளோ பெரிய வாயின்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு காலைப்பொழுது முழுக்க நெஞ்சில் கிடந்த பாறை இறங்கிவிட்டது. இனி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடலாம் என்று தோன்றியது. "சரி, ஆளு இருக்கா, அது போதும். மாமா, எந்திரிங்க. ஒரு பாடம் போனதுக்கா இந்த அழுவ? அக்கா இங்கதான இருக்கா."

புனிதன் எழவில்லை.

டோரின் புனிதனின் கையிலிருந்து கைப்பேசியை மெல்ல வாங்கினாள். அவன் தடுக்கவில்லை. அவள் பதிவுக்கான பொத்தானைத் தேடிப் பிடித்து, அக்காவின் வாய்க்கு அருகே நீட்டினாள்.

"அழிஞ்சத இன்னொரு தடவ சொல்லிரு. ஒரு நிமிச வேலை. 'கீப் யுவர்' என்னாவோ. சொல்லுக்கா. ஒன் கிளாஸ் பையன் யூஜினு வேற தினமும் நீ எப்ப போடுவேன்னு காத்துக்கிட்டு இருப்பான்."

பெவர்லி கைப்பேசியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உதடுகள் 'டோரின்' என்று அசைந்தன. எழுத்துப் பிசகாமல் அசைந்தன. சத்தம் வரவில்லை. சால்வைக்கு அடியில் எங்கேயோ காற்று மட்டும் சீறியது.

"என்னாக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?"

பெவர்லி சால்வையின் முனையைப் பிடித்தாள். ஒரு சுற்று பிரித்தாள். இன்னொரு சுற்று பிரித்தாள். கழுத்தின் அடியில், காறை எலும்புகள் சேரும் இடத்தில், காய்ந்துகொண்டிருந்த தையல்களுக்கு நடுவே ஒரு துளை இருந்தது. அந்தத் துளை மூச்சு விட்டது.

டோரினின் கையில் கைப்பேசி பதிவாகிக்கொண்டே இருந்தது.

ராயப்பன் கஞ்சிக் கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"புத்துநோய்மா," என்றார். "குரல்வளைய முழுசா எடுத்துட்டாங்க. எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், மில்லு மூடுறதுக்கு முந்தியே ராவும் பகலுமா ஒக்காந்து பேசிப் பேசி வச்சிருக்கா. அவ குரல்னு இனி மிச்சம் இருக்கிறது அந்தப் போனுக்குள்ள இருக்கிறது மட்டும்தான்."